மன்னார்க் கடலில் மழலை ஓசை

திருச்சிராப்பள்ளியில் விமானம் ஏறிக் கொழும்பில் இறங்குவதற்கு இன்று ஒரு மணி நேரம் போதும். சென்ற ஆண்டு அவ்வழியே வந்துகொண்டிருந்தோம். நமக்கு முன் வரிசையில், தாயும் பாட்டியுமாக இரு பெண்களுக்கு நடுவே மூன்று வயதுப் பிள்ளையொன்று. அதன் கையில் ஒரு பொலிஸ் வண்டிப் பொம்மை. பொத்தானை அமுக்கினால் சிவப்பும் நீலமுமாக விளக்கு மின்னும், சங்கு ஊதும், எந்த நாட்டுக் காவலனோ அந்நிய மொழியில் அதட்டுவான். விமானம் மேலெழுந்து நிதானப்படுவதற்குள் அப்பொத்தான் ஐம்பது முறையேனும் அமுக்கப்பட்டிருக்கும். பக்கத்து வரிசையில் மடிக்கணினியை விரித்திருந்த கனவான் ஒருவர் முதலில் செருமினார். பிறகு திரும்பிப் பார்த்தார். கடைசியில் பணிப்பெண்ணை அழைத்தார். அவள் குனிந்து, சிரித்த முகத்தோடு மெதுவாக ஏதோ சொன்னாள். தாய் பொம்மையை வாங்கி, அடிமூடியைத் திறந்து, பற்றரிகளைக் கழற்றித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். பிள்ளை அழவில்லை. ஊமையாகிப்போன வண்டியை இருக்கையின் கைப்பிடிமேல் ஓட்டியபடி, சங்கின் ஓசையைத் தன் வாயாலேயே எழுப்பத் தொடங்கிற்று.

அவ்வேளையில் இடப்பக்கச் சாளரத்தில் தனுஷ்கோடியின் மணல்முனை தெரிந்தது. அதற்கப்பால் நீலத்தில் சிதறிக் கிடக்கும் மணல் திட்டுகள். அவற்றின் மறு கோடியில் மங்கலாக மன்னார்த் தீவு. பாட்டி எட்டிப் பார்த்தாள். நம்மிடம் என்றோ மகளிடம் என்றோ இல்லாமல், பொதுவாகச் சொன்னாள்: “தொண்ணூறாம் ஆண்டு அந்தக் கடலால வரேக்க, இவளின்ர வாயைப் பொத்திக்கொண்டு வந்தனான்.” ‘இவள்’ என்று அவள் சுட்டியது, சற்றுமுன் பொம்மையின் வாயை அடைத்த அந்தத் தாயைத்தான். அப்போது அவள் கைக்குழந்தையாம்.

அதன் பிறகு நமக்குக் கையிலிருந்த புத்தகத்தில் மனம் செல்லவில்லை. பிள்ளைகளின் பொம்மைச் சத்தம் ஒரு வரலாற்றுக் கட்டுரைக்குரிய பொருளா என்று ஆசிரிய நண்பர்கள் கேட்கக்கூடும். அந்தக் கடலைக் கடந்தவர்களின் வரலாற்றைத் தெரிந்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள்.

முதலில் அக்கனவான் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறோம். பறக்கும் விமானத்தின் உள்ளே எஞ்சினும் காற்றும் எழுப்பும் இரைச்சல் ஏறக்குறைய 80 டெசிபல் அளவில் இருக்கிறது. அவ்வளவு பேரிரைச்சலில் ஒரு சிறு பொம்மையின் ஓசை ஏன் உறுத்த வேண்டும்? எஞ்சின் இரைச்சல் தாழ்ந்த சுருதியில் ஒரே சீராக ஓடுவது. சிறிது நேரத்தில் மூளை அதைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடும். பொம்மையின் ஓசையோ உச்ச சுருதியில், விட்டுவிட்டு, எப்போது எழும் என்று தெரியாமல் எழுவது. அதற்குப் பழகிக்கொள்ள இயலாது. மேலும், வளைகுடா நாடுகளில் இரண்டாண்டு உழைத்துவிட்டுத் திரும்பும் தொழிலாளியும் அதே விமானத்தில்தான் கண்ணயர்கிறான். அவனுடைய உறக்கத்தைக் கலைப்பது எந்தக் குழந்தையின் பிறப்புரிமையும் அன்று. பொம்மையின் வாயை அடைத்த தாய் செய்தது சரியே.

ஆனால் விமான நிறுவனங்கள் இச்சிக்கலைத் தீர்க்கப் புகுந்தபோது விலக்கியது பொம்மையை அல்ல. 2011ஆம் ஆண்டில் மலேசியன் எயர்லைன்ஸ் தன் போயிங் 747 விமானங்களின் முதல் வகுப்பில் கைக்குழந்தைகளுக்கு இடமில்லை என்றது. 2013இல் எயர் ஏசியா எக்ஸ் நிறுவனம் சிறுவர்களை அமர்த்தாத ‘அமைதிப் பகுதி’ ஒன்றை வகுத்தது. 2016இல் இந்தியாவின் இண்டிகோ, 1 முதல் 4 வரையும் 11 முதல் 14 வரையும் உள்ள வரிசைகளில் 12 வயதுக்குட்பட்டோரை அமர்த்துவதில்லை என்று அறிவித்தது. கால் நீட்ட இடமுள்ள, கட்டணம் கூடிய இருக்கைகள் பல அவ்வரிசைகளில்தான் இருந்தன. சத்தம் போடும் பொருள் ஒன்று. விலக்கப்பட்டது உயிர் ஒன்று. அமைதி விற்பனைச் சரக்காகி, அதை வாங்கியவர்களின் எல்லைக்கு வெளியே பிள்ளைகள் நிறுத்தப்பட்டார்கள்.

நம் மரபு குழந்தையின் ஆரவாரத்தை இப்படியா நடத்திற்று? பிள்ளைத்தமிழ் என்னும் பிரபந்த வகை ஆண்பால் குழந்தைக்குப் பத்துப் பருவங்களை வகுக்கிறது. அவற்றுள் ஒன்பதாவது சிறுபறைப் பருவம். சிறு பறையை முழக்கு, முழக்கு என்று பிள்ளையை வேண்டிக் கேட்கும் பகுதி அது. காது புளிக்கிறது, நிறுத்து என்று கேட்கும் பருவம் எதையும் நம் புலவர்கள் வகுக்கவில்லை. சங்க காலத்துப் பட்டினப்பாலையிலும் சிறுவர் உருட்டும் முக்காற் சிறுதேர் வருகிறது. இவற்றையெல்லாம் வகுப்பறையில் சொல்லும்போது நமக்குப் பெருமிதம் எழுவது இயல்பே. எனினும் ஒன்று: ஒட்டக்கூத்தர் பாடிய பிள்ளைத்தமிழ் குலோத்துங்க சோழன் மீது; குமரகுருபரர் பாடியது முத்துக்குமாரசுவாமி மீது. சிறுபறை முழக்குமாறு வேண்டப்பட்டவர்கள் அரசரும் தெய்வமும். இராமநாதபுரத்துக் கரையில் தோணிக்குக் காத்துக் கிடந்த கூலிக்காரனின் பிள்ளையைப் பறை கொட்டச் சொல்லி எந்தப் புலவரும் கேட்கவில்லை.

அந்தப் பிள்ளை இக்கடலுக்கு வந்த கதை கோப்பியோடு தொடங்கித் தேயிலையோடு பெருகியது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், கோப்பிக்கொட்டை பறிக்கும் பருவத்துக்கு மட்டும் தமிழகத்து ஆண்கள் பெரும்பாலும் தனியாகவே வந்தார்கள். பாய்மரத் தோணிகளில் தலைமன்னாரிலும் அரிப்பிலும் மன்னார்க் கரையின் பிற துறைகளிலும் இறங்கி, மாத்தளை வரை நூறு மைலுக்கு மேற்பட்ட காட்டுவழியை நடந்தே கடந்தார்கள். வாந்திபேதியும் அம்மையும் அவ்வழியில் அவர்களோடு நடந்தன. 1869ஆம் ஆண்டில் கோப்பி இலையில் துருநோய் காணப்பட்டது. சில ஆண்டுகளில் கோப்பித் தோட்டங்கள் அழிந்து தேயிலை வந்தது. கோப்பிக்குப் பருவம் உண்டு. தேயிலைக் கொழுந்துக்கு இல்லை. ஆண்டு முழுதும் கிள்ள வேண்டும். கிள்ளுவதற்குப் பெண்களின் விரல்கள் வேண்டும். ஆகவே குடும்பமாக அழைத்து வருமாறு கங்காணிகள் ஏவப்பட்டார்கள். தோட்டத்துரைகளுக்குக் குழந்தைகள்மீது பரிவு பிறந்து நடந்த காரியம் அன்று இது.

அப்பிள்ளைகள் கையில் என்ன கொண்டுவந்தார்கள்? கரையின் இருமருங்கும் பனைநாடு. பனங்குருத்தோலையைப் பின்னி, உள்ளே இரண்டு சிறு கற்களை இட்டுக் கட்டினால் கிலுகிலுப்பை. காசு வேண்டாம்; கடை வேண்டாம். ஆட்டினால் மழை தூறுவதுபோல் ஓர் ஓசை. அலுத்தபோது கசக்கி எறிந்துவிடலாம். மன்னார்த் தீவின் பனங்கூடல்களில் இன்றும் அது பின்னத் தெரிந்த கிழவிகள் இருக்கிறார்கள்.

1904ஆம் ஆண்டில் தோட்டத்துரைமார் திருச்சிராப்பள்ளியில் இலங்கைத் தொழிலாளர் ஆணையத்தை நிறுவினார்கள். நாம் விமானம் ஏறினோமே, அதே திருச்சிராப்பள்ளிதான். ஆட்களைத் திரட்டுவதும் அனுப்புவதும் அங்கிருந்தே நடந்தன. ஏறக்குறைய அக்காலத்திலேயே தகர வில்லை முறையும் நடைமுறைக்கு வந்தது. தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணும் துளையிடப்பட்ட சிறு தகரத் துண்டு தொழிலாளியின் கழுத்தில் கட்டப்பட்டது. அதைக் காட்டினால் வண்டியில் ஏற்றுவார்கள், கப்பலில் ஏற்றுவார்கள், தோட்டத்தில் இறக்குவார்கள். செலவு முழுதும் பிறகு கடனாகக் கணக்கில் ஏறும். ஐரோப்பியப் பிள்ளைகளின் கையில் அக்காலத்தில் இருந்ததும் தகரந்தான். ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரத்தில் செய்து உலகெங்கும் அனுப்பிய சாவிப் பொம்மைகள் அவை. சாவி முடுக்கினால் கடகடவென்று ஓடும், கொட்டடிக்கும். ஒரே தகரம் ஒரு பிள்ளைக்கு விளையாட்டாகவும் மற்றொரு பிள்ளையின் தாய்க்குக் கழுத்து வில்லையாகவும் ஆயிற்று. ஓலைக் கிலுகிலுப்பையை வழியில் தொலைத்த குழந்தை, தாயின் மடியில் கிடந்தபடி அவள் கழுத்தில் ஆடும் அத்தகரத்தைத் தட்டித்தட்டி விளையாடியிருக்கும் என்றே நாம் எண்ணுகிறோம்.

1914ஆம் ஆண்டு மார்ச் 1ஆம் நாள் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியது. இக்கரையில் புகைவண்டி கப்பல்துறைவரை வந்து நிற்கும். 22 மைல் கடல். அக்கரையில் வேறொரு புகைவண்டி காத்திருக்கும். கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்சு என்று கப்பல்களுக்கு வைசிராய்களின் பெயர். பின்னாளில் வந்தவற்றுக்கு இர்வின், கோஷன். கூலிகளைச் சுமந்த கப்பல்களுக்கு வேறு யார் பெயரை வைப்பார்கள்! மேல்வகுப்பினர்க்கு நாற்காலியும் உணவறையும். மூன்றாம் வகுப்பினர்க்குத் தளத்தில் மூட்டைமேல் இடம்.

கப்பலேறுவதற்கு முன்னே இன்னொரு வாசல் இருந்தது. இந்தியக் கரையிலே, மண்டபத்தில், இலங்கை அரசு நடத்திய தொற்றுத்தடுப்பு முகாம். தோட்டங்களுக்குச் செல்லும் தொழிலாளரை அங்கே சில நாள் அடைத்து வைத்து, நோயில்லை என்று கண்ட பின்னரே விடுவார்கள். மேல்வகுப்புச் சீட்டு வாங்கியவர்களுக்கு அந்த அடைப்பு இல்லை. வாந்திபேதிக் கிருமி வகுப்புப் பார்த்துத் தொற்றும் என்று எந்த வைத்திய நூலிலும் எழுதியிருக்கவில்லை. அம்முகாமின் கூடங்களில் வரிசை வரிசையாகக் கிடந்த பிள்ளைகளின் அழுகை எவருடைய உறக்கத்தைக் கலைத்தது? அவர்களைப் பெற்றவர்களுடைய உறக்கத்தை மட்டுமே. அதைப் பற்றிப் புகார் எழுதக்கூடிய கனவான் அங்கே அடைக்கப்பட்டிருக்கவில்லை.

தோட்டத்துக்குச் சென்ற பின் பிள்ளை வெகுநாள் பிள்ளையாக இருக்கவில்லை. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் ஆண், பெண், பிள்ளை என்று மூன்று விகிதங்களை ஏற்படுத்திற்று. உயர்மலைத் தோட்டங்களில் நாளொன்றுக்கு முறையே 54, 43, 32 சதம். அச்சட்டம் தொழிலாளர்க்கு ஒரு வெற்றி என்பதை மறுக்கவில்லை. ஆனாலும் அதன் மூன்றாம் எண்ணைப் படிக்கும்போது கண் அங்கேயே நின்றுவிடுகிறது.

1948இன் குடியுரிமைச் சட்டம் இம்மக்களில் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியாரும் கையொப்பமிட்ட உடன்படிக்கை, 9,75,000 பேரைக் கணக்கில் எடுத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்றும், 3,00,000 பேர் இலங்கைக்கு என்றும், மிச்சம் பிறகு என்றும் பங்கிட்டது. அப்பத்திரத்தில் குழந்தைகளுக்கு என்ன பெயர் தெரியுமா? ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னும் ‘இவர்களின் இயற்கைப் பெருக்கத்துடன்’ என்ற பொருளில் ஒரு தொடர் வருகிறது. அந்த இயற்கைப் பெருக்கந்தான் குழந்தைகள். கிலுகிலுப்பை ஆட்டுவது, மண்ணைத் தின்பது, இரவில் வீரிட்டழுவது எல்லாம் அத்தொடருக்குள் அடங்கிப்போயின.

உடன்படிக்கையின் மை உலர்ந்து இரண்டு மாதம் ஆகுமுன், 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. ஊரை நெருங்கிக்கொண்டிருந்த பயணிகள் வண்டியை அலை விழுங்கிற்று. பின்னர் கப்பல் இராமேசுவரத்திலிருந்து தலைமன்னாருக்கு ஓடியது. தாயகம் திரும்புவோர் என்று பெயரிடப்பட்ட மக்கள் அதில்தான் போனார்கள். அவர்களிற் பலருக்கு இந்தியா கண்ணால் காணாத தேசம். மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்கு அவர்களை ஏற்றிவந்த வண்டிக்கு மலையகத்து மக்கள் ‘அழுகைக் கோச்சி’ என்று பெயரிட்டார்கள். புகைவண்டிக்கு அது எழுப்பும் ஓசையால் பெயர் வைப்பது உலக வழக்கு. இவ்வண்டிக்கு உள்ளிருந்து எழுந்த ஓசையால் பெயர் வந்தது.

1978ஆம் ஆண்டில், இம்மக்கள் இன்னும் மூட்டை கட்டிக்கொண்டிருந்த நாளில், அமெரிக்காவின் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் குழந்தைகளுக்கு எழுத்துக்கூட்டிப் பேசும் மின்னணுப் பொம்மை ஒன்றைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. மனிதக் குரலைச் சில்லுக்குள் அடைத்துப் பிள்ளையின் கையில் கொடுத்த முதல் பொருள்களுள் அது ஒன்று. பொம்மை பேசக் கற்றுக்கொண்டது. அடுத்த சில ஆண்டுகளில் நம் கரையோரப் பிள்ளைகள் பேசாதிருக்கக் கற்றுக்கொண்டார்கள்.

1983 ஜூலைக் கொலைகளுக்குப் பின் மன்னார்க் கரையிலிருந்து அகதிப் படகுகள் புறப்படலாயின. மறு ஆண்டளவில் பயணிகள் கப்பலும் நின்றது. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது ஆயிரமாயிரம் பேர் தலைமன்னார், பேசாலைக் கரைகளில் மீன்பிடிப் படகுகளுக்குக் காத்திருந்தனர். பத்துப் பேர் ஏறவேண்டிய படகில் இரு மடங்கு, மும்மடங்கு. விளக்கு எரியக்கூடாது, பேச்சு கூடாது. ரோந்துக் கப்பலுக்கு ஓசை எட்டினால் தீர்ந்தது. ஏறக்குறைய 30 கிலோமீற்றர் கடல். பெரியவர்கள் வாய்மூடி இருப்பார்கள். பசியும் குளிரும் உப்புநீரும் சேர்ந்த கைக்குழந்தைக்கு எதைச் சொல்லி விளங்கவைப்பது? பாட்டி சொன்ன ஒரு வரியின் பொருள் இதுதான். மூச்சு முட்டாமலும் குரல் வெளிவராமலும் ஒரு சிறு வாயைப் பொத்திப் பிடிப்பது ஒரு கை செய்யக்கூடிய வேலைகளில் மிகக் கடினமானது. அவர்கள் போய்ச் சேர்ந்த மண்டபம் முகாமோ, முன்பு கூலிகளை அடைத்து வைத்த அதே மண்டபம் முகாம்.

அதே 1990 அக்டோபரில், எருக்கலம்பிட்டி, தாராபுரம் முதலிய ஊர்களின் முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். பரம்பரையாய் வாழ்ந்த தீவை விட்டு, அனுமதித்த சில பைகளோடு, அவர்கள் படகேறித் தெற்கே கற்பிட்டிக்குப் போனார்கள். வாய் பொத்திய கதையை மட்டும் சொல்லி இதைச் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. அந்தப் படகுகளிலும் பிள்ளைகள் இருந்தார்கள்.

கடல் கடவாமல் தங்கியவர்களின் பிள்ளைகளுக்கு வேறொரு மௌனம். மன்னார்த் தீவு இராணுவத்தின் கையிலும், பெருநிலத்தின் பெரும்பகுதி புலிகளின் கையிலும் இருந்த ஆண்டுகளில், அரசு விதித்த பொருளாதாரத் தடையில் பற்றரியும் அடங்கியது. எரிபொருள், சீமெந்து, இரும்பு ஆகியவற்றோடு, விரல் நீளமுள்ள பற்றரியும் போர்த் தளபாடம் ஆயிற்று. உயிலங்குளம் சோதனைச் சாவடிக்கு அப்பால் அதைக் கொண்டுபோக இயலாது. தடையிருந்த பகுதிகளில் மக்கள் மிதிவண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டார்கள். பெரியவர்களின் செய்திக்கு ஒரு வழி கண்டுபிடிக்கப்பட்டது. பொம்மைக்காக எவர் மிதிவண்டி மிதிப்பார்? 2002 ஜனவரியில் தடை பெருமளவு நீங்கும்வரை, உலகத்துப் பிள்ளைகளெல்லாம் பொத்தானை அமுக்கிப் பெற்றோரின் காதைத் துளைத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில், இங்கே ஒரு தலைமுறை மறுபடியும் ஓலைக்கும் சிரட்டைக்கும் திரும்பியது. ஓலை அழகுதான். வேறெதுவும் கிடைக்காமல் அதைப் பிடித்தவர்களிடம் போய் மரபின் அழகைப் பேசுவதற்கு நமக்கு நாக்கு எழவில்லை.

2015 மார்ச் 14ஆம் நாள் தலைமன்னார்ப் புகைவண்டி மீண்டும் ஓடியது. கால் நூற்றாண்டாகத் தண்டவாளம் இல்லாதிருந்த வழியில் எஞ்சினின் ஊதல் கேட்டது. ஏழாண்டு கழித்து, 2022இல், நாடு வங்குரோத்தாகிப் பால்மாவுக்கு வரிசை நின்ற நாளில், மன்னார்க் கடலில் படகு மறுபடி புறப்பட்டது. அவ்வாண்டு மார்ச் 22ஆம் நாள் தனுஷ்கோடிக்கு அண்மையில் மணல் திட்டொன்றில் இறக்கிவிடப்பட்ட ஆறு பேரை இந்தியக் கரையோரக் காவற்படையினர் மீட்டார்கள். அவர்களுள் ஒன்று நான்கு மாதக் குழந்தை. நாற்புறமும் கடல், தலைக்குமேல் வெயில். அத்திட்டில் அது எவ்வளவு அழுதாலும் தடுப்பாரில்லை. நாம் சாளரத்தின் வழியே அழகு பார்த்த திட்டுகள் அவைதாம்.

கட்டுநாயக்காவில் இறங்கினோம். குடிவரவு வரிசையில் அக்குடும்பம் நமக்கு முன்னே நின்றது. பிள்ளை பற்றரியைக் கேட்டு நச்சரித்தது. தாய் கைப்பையைத் திறக்கப் போனாள். பாட்டி அவள் கையைப் பிடித்துத் தடுத்தாள். கண்ணாடிக்கப்பால் சீருடையோடு அமர்ந்திருந்த அதிகாரியைக் கண்ணால் காட்டினாள். முத்திரை குத்தி முடியும் வரை பிள்ளை வாயாலேயே சங்கு ஊதிக்கொண்டிருந்தது. அதையும் அவள் இருமுறை ‘உஷ்’ என்று அடக்கினாள்.

வெளியே வந்ததும் பற்றரிகள் ஏறின. வாடகை வண்டிக்காரர்கள் கூவிக்கொண்டிருந்தார்கள், பேருந்துகள் உறுமிக்கொண்டிருந்தன. பொம்மை வண்டி தன் முழுக் குரலில் ஊதியது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவர்கள் கோட்டை நிலையத்துக்குப் போகும் பேருந்தைத் தேடிப் போனார்கள். இரவுக் கோச்சியில் தலைமன்னார் போக வேண்டுமாம்.